நாலரை மணிக்கு இறங்கிய கோடு

மூன்றாவது தடவையாக அபெனிசாவின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் ராத்மிலா. மலையைக் குடைந்து செய்த வீடு. வாசல் கதவைக் காலால் தள்ளி, ஒருக்களித்து உள்ளே நுழைந்தபோது அவளுடைய அப்பா வுகாஷின் அடுப்பில் காப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"திரும்பி வந்துட்டானா உன் மாப்பிள்ளை?"

"இது கம்ப்யூட்டர்ப்பா."

"நானும் அதைத்தான் சொன்னேன், மகனே."

பெற்ற மகளை 'மகனே' என்றுதான் வுகாஷின் கூப்பிடுவார். செர்பிய அப்பாக்கள் எல்லோருமே அப்படித்தான். ஓப்பல் கல் தோண்டும் ஆஸ்திரேலியப் பாலைவன ஊரான கூபர் பீடியில் அதைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மா ஸ்லாவ்கா பெரிய மகளின் பிரசவத்துக்காக அடிலெய்டு போய் ஒரு மாதமாகிறது. அவள் இல்லாத வீட்டில் அப்பாவின் வாயை அடக்க ஆளில்லை.

ராத்மிலா கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. பள்ளி அலுவலகத்தில் வேலை. அங்கிருக்கும் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவள்தான் டாக்டர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஊர்க்காரர்களுக்குப் பாகங்களை இணைத்துக் கம்ப்யூட்டர் பூட்டித் தருவாள். எட்டு வருஷத்தில் நாற்பது மெஷின். ஒன்றுகூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை என்பது அவளுடைய பெருமை. இது நாற்பத்தொன்றாவது.

அவள் பூட்டும் மெஷின் சும்மா ஓடாது. திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டைச் செய்கிற கம்பெனிக்காரன் ஒரு வேகம் வைத்து அனுப்புவான். அது சோம்பேறிகளுக்கான வேகம் என்பது ராத்மிலாவின் கட்சி. கார்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குவாள். முடுக்கி, மூச்சு வாங்குகிற மாதிரி வேலை கொடுத்துப் பார்ப்பாள். எந்த இடத்தில் தடுக்கி விழுகிறதோ, அதற்கு இரண்டு படி கீழே இறக்கி நிறுத்துவாள். அதற்குப் பிறகு மணிக்கணக்கில் ஓடவிட்டு, ஒரு திணறல்கூட இல்லை என்றால்தான் கையைவிட்டு அனுப்புவாள். இதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். அபெனிசாவுக்குச் செய்த கார்டை மற்றவர்களுடையதைவிட நாலைந்து படி கூடவே முடுக்கியிருந்தாள். ஏன் என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'நல்ல கார்டு, தாங்கும்' என்று சொல்லியிருப்பாள்.

ஆகஸ்டில் கொடுத்தது. அக்டோபர் கடைசி வரை ஒழுங்காக ஓடிற்று. நவம்பர் பிறந்ததும் நோய் வந்துவிட்டது. விளையாடிக்கொண்டே இருப்பான், திரை ஒரு விநாடி உறையும், கறுத்துப்போகும், ஃபேன் மட்டும் பேய் மாதிரி கத்தும். அவ்வளவுதான்.

அபெனிசா ஃபிஜிக்காரன். கணக்கு வாத்தியார். வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. சுற்றிலும் எந்தப் பக்கம் போனாலும் ஐநூறு கிலோமீட்டருக்குச் செம்மண் மட்டுமே இருக்கிற ஊரில், கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன் எப்படி இருக்கிறான் என்றால், அந்தக் கம்ப்யூட்டரால்தான் இருக்கிறான். பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போய்த் திரையில் கடலைத் திறப்பான். ஃபிஜியின் சுவாவிலிருந்து அவன் அம்மா லோசலினியும், பிரிஸ்பேனிலிருந்து தம்பி வைசாலேயும் அதே விளையாட்டுக்குள் வந்துவிடுவார்கள். மூன்று பேருக்கும் ஒரே பாய்மரப் படகு. அம்மா சுக்கான், தம்பி பாய், அபெனிசா படகுக்குள் ஏறும் தண்ணீரை இறைக்கிறவன். ஒவ்வொரு அலையையும் தனித்தனியாக வரைகிற விளையாட்டு. கார்டுக்கு அதில் இடுப்பு ஒடியும். கார்டு படுத்துவிட்டால் தண்ணீர் இறைக்க ஆளில்லை. படகு முழுகிவிடும்.

"இதுவரைக்கும் ஒன்பது தடவை முழுகியிருக்கோம்" என்று போன வாரம் அவன் சொன்னான். "அம்மா ரொம்பக் கோவத்துல இருக்காங்க. 'கடலுக்குப் போகக்கூடக் கதியில்லாத ஊர்ல உனக்கு என்னடா வேலை, கிளம்பி வா'ன்றாங்க."

அதை அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ராத்மிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வருஷமும் இதே பள்ளியில் தொடர்கிறீர்களா என்று ஆசிரியர்கள் எழுதித் தரும் படிவம் அவளுடைய மேசை வழியாகத்தான் தலைமையாசிரியைக்குப் போகிறது. வருகிற வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கெடு. பதினொரு பேர் கொடுத்துவிட்டார்கள். அபெனிசாவுடையது வரவில்லை. படிவங்கள் வந்து சேரும் தட்டை அவள் ஒரு நாளைக்கு நாலு தடவை எட்டிப் பார்க்கிறாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் முழுக்க அவள் கார்டோடு மல்லுக்கட்டினாள். தூசி இல்லை, போன வாரமே ஊதி எடுத்தாயிற்று. சிப்புக்கு மேலே தடவும் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினாள். கார்டை இயக்கும் மென்பொருளை வேரோடு பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். கார்டுக்குப் போகும் மின்சாரம் ஒரே வயரில் இரண்டாகப் பிரிந்து போனது. அதற்கு இரண்டு தனி வயர் போட்டுப் பார்த்தாள். ஒன்று சரியாக இருந்தது, இன்னொன்று அரதப்பழசு. பிறகு படகு விளையாட்டைத் திறந்து, புயல் அடிக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தினாள். கார்டின் சூடு எழுபத்தொன்றில் ஏறி, அங்கேயே அசையாமல் நின்றது. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம்.

"நல்லாத்தானே ஓடுது?" என்றார் வுகாஷின், காப்பிக் கோப்பையோடு பின்னால் வந்து நின்று.

"இங்க எப்பவுமே நல்லாத்தான் ஓடும். அவர் வீட்டுக்குப் போனாத்தான் படுத்துக்குது."

"நீ அங்க போறப்போ?"

"அப்பவும் நல்லாத்தான் ஓடுது. போன வாரம் ரெண்டு தடவை போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். நான் கிளம்பி வந்த மறுநாள் படுத்துக்குது."

வுகாஷின் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு கோப்பை குலுங்கியது.

"என்னப்பா?"

"உங்க தாத்தா ஒர்க்‌ஷாப் வச்சிருந்தாரு தெரியும்ல? என் லாரியோட ஃபேன் பெல்ட் ஒரே கோடையில ஆறு தடவை அறுந்துச்சு. ஆறு தடவையும் நானே கத்தியால அறுத்தேன். ஒர்க்‌ஷாப்ல கணக்கு எழுதிக்கிட்டு இருந்தவ உங்கம்மா."

"அவர் அப்படிப்பட்ட ஆளில்லை."

"நானும் அப்படிப்பட்ட ஆளில்லைதான், மகனே."

ராத்மிலா மூடியை மாட்டித் திருகாணியை முறுக்கினாள். தேவைக்கு மேல் முறுக்கினாள். தன் மெஷினை ஒருவன் வேண்டுமென்றே படுக்கவைக்கிறான் என்றால் அவளுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. அது கோபம் இல்லை. அதுதான் தொந்தரவு.

செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளி வராந்தாவில் அபெனிசாவைப் பிடித்தாள்.

"வாத்தியாரே, அஞ்சு மணிக்குக் கொண்டுவந்து மாட்டுறேன். நான் இரவல் குடுத்த பழைய ஸ்பேர் மெஷினைப் போட்டு வைங்க, உங்க ஃபைலையெல்லாம் அதுலேர்ந்து மாத்தணும்."

"அஞ்சு மணிக்கா? சரி, சரி. அஞ்சுக்குத்தானே? முன்னாடி வந்துட மாட்டீங்களே?"

"ஏன், வந்தா என்ன?"

"ஒண்ணுமில்ல. வீடு கொஞ்சம் ஒழுங்கா இல்ல."

அவனுடைய வீடு மேட்டுத் தெருவில், தரைக்கு மேலே, தகரக் கூரை போட்ட அரசாங்க வீடு. அவள் சரியாக ஐந்து மணிக்குப் போனபோது தேங்காய்ப்பாலில் வேகவைத்த டின் மீன் வாசனை வாசலுக்கே வந்தது. கதவைத் திறந்தவனுக்கு ஆறடிக்கு மேல் உயரம், இஸ்திரி போட்ட சட்டை, இடுப்பில் முழங்கால் வரைக்கும் சுற்றிய சுலு என்கிற ஃபிஜி வேட்டி. சுவரில் பழைய ஏசி கடகடவென்று லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே அவள் வீடு மாதிரியே இதமாக இருந்தது.

"முதல்ல சாப்பிடுங்க" என்றான்.

"முதல்ல மெஷின்."

"மெஷின் எங்கயும் ஓடிடாது. ஓடினாத்தான் பிரச்சினையே இல்லையே."

இதற்கு அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு, தட்டை வாங்கிக்கொண்டாள். அவன் எல்லோரையும் இப்படித்தான் கூப்பிட்டுச் சாப்பிட வைப்பான் என்பது ஊருக்கே தெரியும். தபால்காரர், மீட்டர் பார்க்க வந்த பெண், வழி கேட்க வந்த சுற்றுலாக்காரர்கள், எல்லோரும் அந்த மேசையில் சாப்பிட்டவர்கள்தான். அதில் தனக்கென்று ஒரு விசேஷமும் இல்லை என்று அவள் பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கம்ப்யூட்டரை மாட்டி, ஸ்பேர் மெஷினிலிருந்த ஃபைல்களை அதற்கு மாற்றினாள். முக்கால் மணி நேரம் கடல் கொந்தளித்தது. கார்டு ஒரு தடவைகூடத் தும்மவில்லை.

"பாருங்க, உங்களைப் பார்த்தா ஒழுங்கா நடந்துக்குது. என் வகுப்புப் பசங்களுக்குத் தலைமையாசிரியையைப் பார்த்தா வர்ற ஒழுக்கம்" என்றான் அபெனிசா.

அவள் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். ஃபேன் பெல்ட் அறுத்தவனின் முகம் இப்படித்தான் இருக்குமா?

"இதுல ஒரு சின்னப் புரோகிராம் போட்டுட்டுப் போறேன். கார்டோட சூடு, வேகம், மின்சாரம் எல்லாத்தையும் விநாடிக்கு விநாடி எழுதி வச்சுக்கிட்டே இருக்கும். படுத்துச்சுன்னா எந்த நொடியில படுத்துச்சுன்னு தெரியும். யாராவது கையால அணைச்சாலும் தெரியும்."

கடைசி வாக்கியத்தை அவள் மெதுவாகச் சொன்னாள். அவன் கண் இமைக்கவில்லை.

"அப்போ ரொம்ப நல்லது. எழுதட்டும். எனக்கு வியாழக்கிழமைக்குள்ள தெரிஞ்சா நல்லா இருக்கும்."

"ஏன் வியாழன்?"

அவன் தட்டுகளை அடுக்கினான். "வெள்ளிக்கிழமை படிவம் குடுக்கணும்ல. அம்மாகிட்ட, கடல் சரியாயிடும், இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்னு சொல்லலாம்னு பார்த்தேன். சரியாகலைன்னா எந்த முகத்தோட சொல்றது? அங்கயும் ஒரு பள்ளிக்கூடத்துல இடம் இருக்குன்றாங்க."

ராத்மிலா தண்ணீர் குடித்தாள். தம்ளரில் தண்ணீர் தீர்ந்த பிறகும் குடித்தாள்.

புதன்கிழமை அவளுக்குப் பள்ளியில் தேர்வு வேலை. வீட்டில் தேடியதில் அந்த அரதப்பழசு வயருக்குப் பதில் நல்லதாக ஒன்று கிடைத்திருந்தது. அதை அப்பாவிடம் கொடுத்து, சுரங்கத்திலிருந்து திரும்பும் வழியில் வாத்தியார் வீட்டில் சேர்த்துவிடச் சொன்னாள். நாலரை வாக்கில் அப்பா வருவார் என்று அபெனிசாவுக்கும் சொல்லிவைத்தாள். ஐந்தரைக்கு அவர் வீட்டுக்கு வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை நின்றவாக்கில் குடித்தார். சுரங்கத்துக்குப் போய்விட்டு வருகிறவர் எப்போதும் அப்படித்தான் வருவார் என்பதால் அவள் கவனிக்கவில்லை.

"நல்ல பையன். மூணு தடவை மீன் போட்டான். அவங்கம்மா கம்ப்யூட்டருக்குள்ளேர்ந்து கத்துது பாரு, நம்ம ஸ்லாவ்கா கெட்டா" என்றார்.

"நீங்க இருக்கறப்போ மெஷின் படுத்துச்சா?"

"நான் வண்டியெடுக்கறப்போ உள்ள 'ஐயோ'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. மீன் முள்ளுன்னு நெனச்சேன்."

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அவள் மறுபடி போனாள். ஏசி உறுமியது, கடல் ஓடியது, கார்டு சாதுவாக இருந்தது. அபெனிசா அன்றைக்கு அதிகம் பேசவில்லை. மூன்று நாள் குறிப்பையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். அப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து குறிப்பைக் கோடாகப் போட்டாள். கீழே நேரம், பக்கவாட்டில் சூடு.

முதலில் பார்த்தது புதன்கிழமையின் முடிவை. ஐந்து மணி எட்டு நிமிஷம். கார்டின் சூடு எண்பத்தொன்பது. அதோடு கோடு அறுந்து நின்றது. யாரும் அணைக்கவில்லை. யாரும் வயரைப் பிடுங்கவில்லை. கார்டுதான் விழுந்திருந்தது.

எண்பத்தொன்பது. இங்கே, இதே கடல், இதே புயல், எழுபத்தொன்று. பதினெட்டு டிகிரி கூட.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். மண்ணுக்குள் இருக்கிற இந்த வீட்டில் கோடையானாலும் குளிரானாலும் இருபத்து நாலு டிகிரிதான். அவள் பிறந்ததிலிருந்து இருபத்து நாலு. சுவரில் ஒரு வெப்பமானி மாட்ட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றியதில்லை. இருபத்து நாலோடு பதினெட்டைக் கூட்டினால் நாற்பத்திரண்டு. புதன்கிழமை ஊரில் வெயில் நாற்பத்திரண்டு.

"அப்பா" என்றாள். "நேத்து வாத்தியார் வீடு எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா?"

"சூடா இருந்துச்சா?"

"சூடாவா? ரொட்டி சுடலாம். மேற்குச் சுவர் கொதிக்குது, தகரக் கூரை வேற. நாற்காலியில உட்கார்ந்தா ஒட்டிக்குது. மரியாதைக்கு உட்கார்ந்திருந்தேன்."

"ஏசி?"

"சுவத்துல இருந்துச்சு. போடலை."

நாற்பது மெஷின்களையும் அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வாங்கியவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள் குடியிருப்பவர்கள். மீதிப் பேர் மேலே இருந்தாலும் நவம்பரில் இந்த ஊர்க் கோடை வந்தால் ஏசியை அணைக்கவே அணைக்காதவர்கள். வெயிலைக் கணக்கில் சேர்க்காமல் வேகம் வைக்கிற முட்டாள்தனம் உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரிக்கும் வராது. நாலு படி கூட முடுக்கியதில் பெருமை வேறு. காது மடல் சூடேறியது.

"என்ன மகனே, மூஞ்சி தக்காளி ஆயிடுச்சு?"

"தப்பு என்னோடதுப்பா. அவர் ஒண்ணும் பண்ணலை."

"அடப் பாவமே" என்றார் வுகாஷின், உண்மையான வருத்தத்தோடு. "நான் அவனை நம்பியிருந்தேன்."

அவளுடைய கண் செவ்வாய்க்கிழமைக் கோட்டுக்குப் போயிருந்தது. அன்றைக்கும் அவன் மூன்றே முக்காலுக்கே ஸ்பேர் மெஷினைப் போட்டிருக்கிறான். இரவல் தரும் மெஷின் என்பதால் குறிப்பெடுக்கும் அதே புரோகிராமை அவள் முன்னாலேயே அதில் போட்டு வைத்திருந்தாள், அந்தக் குறிப்பும் ஃபைல்களோடு வந்திருந்தது. சும்மா நிற்கிற மெஷினே ஐம்பத்திரண்டில் இருந்தது. நாலரை மணிக்குக் கோடு இறங்க ஆரம்பித்தது. மாடிப்படி மாதிரி, ஒரே சீராக. ஐந்து மணிக்கு முப்பத்தாறு.

வியாழக்கிழமை: நாலு இருபத்தெட்டுக்கு இறங்க ஆரம்பித்தது.

புதன்கிழமை: அப்பா வருவார் என்று முன்னாலேயே சொல்லியிருந்தும் கோடு இறங்கவே இல்லை. நாலரைக்கும் ஏறியது, நாலே முக்காலுக்கும் ஏறியது.

அவள் மூன்று கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், காரணமே இல்லாமல் அப்பாவின் கையிலிருந்து கத்தியை வாங்கி, மிச்ச வெங்காயத்தை அவளே நறுக்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் தட்டைப் பார்த்தாள். ஒரு பழுப்புக் கவர். ஒட்டியிருந்தது. மேலே அபெனிசாவின் கணக்கு வாத்தியார் கையெழுத்து, ஒரு எழுத்துகூடக் கோட்டைத் தாண்டாமல்.

நேற்று அவன் அதிகம் பேசாதது ஞாபகம் வந்தது. கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். தலைமையாசிரியை ஹார்கிரேவ் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"எல்லாம் வந்துடுச்சா, ராத்மிலா?"

"மூணு மணி வரைக்கும் டைம் இருக்கு, மேடம்."

"எல்லாம் வந்துடுச்சான்னு கேட்டேன்."

"எண்ணிப் பார்த்துச் சொல்றேன், மேடம்" என்றாள், பன்னிரண்டு கவரைப் பார்த்துக்கொண்டே.

பிற்பகல் இடைவேளை மணி அடித்ததும் கவரை எடுத்துக்கொண்டு அவனுடைய வகுப்புக்குப் போனாள். பிள்ளைகள் வெளியே கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாத்தியாரே, கண்டுபிடிச்சுட்டேன். தப்பு முழுக்க என்னோடது. எங்க வீட்டுக் குளுமைக்கு வேகம் வச்சுட்டேன். உங்க வீட்டுல அது நிக்காது. அரை மணி நேர வேலை, இன்னைக்கே சரி பண்ணிடலாம்."

"வெயிலாலயா?" அவன் துடைப்பதை நிறுத்தினான். "இவ்வளவுதானா?"

"நீங்க ஏன் ஏசி போடாம விளையாடுறீங்க?"

"அது போடுற சத்தம் மைக்ல போகுது. அம்மா, 'என்னடா ஏரோப்ளேன்ல உட்கார்ந்திருக்கியா, நான் சொல்றது காதுல விழுதா இல்லையா'ன்னு கத்துவாங்க. சுக்கான் அவங்க கையில இருக்கு. காதுல விழலைன்னா பாறையில மோதிடுவோம்."

"அப்போ நான் வர்றப்போ மட்டும் ஏன் போடுறீங்க?"

"விருந்தாளி வந்தா…"

"எங்கப்பா வந்தாரே. அவர் விருந்தாளி இல்லையா? ரொட்டி மாதிரி வெந்துட்டு வந்தாரு மனுஷன்."

அபெனிசா கையிலிருந்த துடைப்பானைப் பார்த்தான். ஆறடி மனிதன் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தேடுவது போலிருந்தது.

"கோடு எல்லாத்தையும் எழுதியிருக்கு" என்றாள் ராத்மிலா. "ரெண்டு நாளும் நாலரை மணிக்கு இறங்குது. அரை மணி நேரத்துக்கு முன்னாடியே."

"அந்த ஏசி வீட்டைக் குளுமையாக்க அரை மணி நேரம் ஆகும்" என்றான் அவன். கணக்கு வாத்தியாருக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அதுதான். பிறகு துடைப்பானை வைத்தான். "நீங்க குளுமையில பிறந்தவங்க. வெயில்ல உட்கார்ந்தா சீக்கிரம் கிளம்பிடுவீங்களோன்னு பயம்."

வெளியே பந்து ஒன்று சுவரில் மோதியது. ராத்மிலா கவரை மேசைமேல் வைத்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கீங்கன்னு நான் பார்க்கலை. ஆனா ஒண்ணு சொல்லணும். மெஷினை இன்னைக்குச் சரி பண்ணிட்டா அது அப்புறம் படுக்காது. நான் பண்ற வேலை அப்படி. அதனால இனிமே நான் உங்க வீட்டுக்கு வர்றதுக்கு ஒரு காரணமும் இருக்காது. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முடிவு பண்ணுங்க. மெஷினுக்காக மட்டும்னா இருக்க வேணாம். மெஷினை சுவாவுக்கும் பார்சல் பண்ணிடலாம்."

"காரணம் இல்லாம வர மாட்டீங்களா?"

"கூப்பிட்டா வருவேன்."

"நான்தான் எல்லாரையும் கூப்பிடுறேனே."

"எல்லாரையும் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டா வர மாட்டேன்."

அபெனிசா சிரித்தான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு போல அது வகுப்பு முழுக்க நிறைந்தது. கவரை எடுத்து நடுவில் கிழித்தான். கிழித்த பிறகுதான் விழித்தான்.

"இன்னொரு படிவம் இருக்குமா?"

"அதுல என்னதான் எழுதியிருந்தீங்க?"

"அதை விடுங்க. அது தப்பான விடை."

படிவத்தை அவள் ஓடிப்போய் அச்செடுத்து வந்தாள். அவன் மாணவன் மேசையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, 'தொடர்கிறேன், ஓராண்டு' என்ற கட்டத்தில் குறி போட்டான். இரண்டு மணி ஐம்பத்தாறுக்கு அந்தக் கவர் தட்டில் விழுந்தது. எண்ணிப் பார்த்து, எல்லாம் வந்துவிட்டது என்று தலைமையாசிரியையிடம் சொன்னாள்.

நாலு மணிக்கே அவர்கள் இருவரும் அவன் வீட்டில் இருந்தார்கள். வெளியே நாற்பத்து மூன்று. ராத்மிலா ஏசியைப் போட விடவில்லை.

"என் மெஷின் இந்த வெயில்லயே ஓடணும். அது ஓடுற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

"ஓடின பிறகு?"

"அப்புறம் ஏசியைப் போடுங்க. அந்தச் சத்தத்தை மைக்ல வடிகட்டுறது அஞ்சு நிமிஷ வேலை."

"அதை முதல்லயே கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தா நான் இத்தனை தடவை வந்திருக்க மாட்டேன்."

பெட்டியை மேற்குச் சுவரிலிருந்து எட்ட நகர்த்தினாள். ஆசையாக ஏற்றி வைத்த படிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒவ்வொரு படிக்கும் அவள் முகம் கோணியதைப் பார்த்து அவன் சிரித்தான். கார்டு குடிக்கும் மின்சாரத்துக்கு ஒரு வரம்பு வைத்தாள். சூடு ஏறும் முன்பே ஃபேன் வேகம் பிடிக்கும்படி மாற்றினாள். வேர்வை புருவத்திலிருந்து கீபோர்டில் சொட்டியது. அவன் ஒரு அட்டையை எடுத்து அவளுக்கு விசிறினான். கடலைத் திறந்தார்கள். புயல். எழுபத்தெட்டு, எண்பது, எண்பத்தொன்று. அங்கே நின்றது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், நாற்பது நிமிஷம்.

"தண்ணி இறைடா, சும்மா உட்காராதே!" என்று லோசலினி அம்மா ஸ்பீக்கரில் முழங்கினார். "என்ன இன்னைக்கு முழுகவே இல்லை? வைசாலே, பாயை இழு! அபெனிசா, பக்கத்துல யாரோ மூச்சு வாங்குறாங்களே, யாரது?"

"படகைச் சரி பண்ண வந்தவங்கம்மா."

"அவங்களையும் தண்ணி இறைக்கச் சொல்லு!"

ராத்மிலா இறைத்தாள். நவம்பர் பிறந்த பிறகு அன்றைக்குத்தான் அந்தப் படகு முதல்முறையாக அக்கரை சேர்ந்தது.

மறுநாள் சனிக்கிழமை, அவள் தூங்கி எழுந்து வந்தபோது வுகாஷின் கூடத்துச் சுவர் முன்னால் நின்று, சாக்கட்டியால் ஒரு பெரிய கதவு அளவுக்குக் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் குடும்பம் பெருகினால் சுவரைத் தோண்டி அறையைக் கூட்டிக்கொள்வார்கள்.

"என்னப்பா பண்றீங்க?"

"அவன் என்ன உயரம் இருப்பான், மகனே? ஆறடி ரெண்டா, மூணா?"

"அப்பா, அவர் ஒரு வருஷத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"எனக்கும் முட்டி வலிக்குதுல்ல. சனி ஞாயிறு மட்டும் தோண்டினா ஒரு ரூமுக்கு ஒரு வருஷம் ஆகும்" என்றார் வுகாஷின், கோட்டை இன்னும் நாலு விரற்கடை மேலே ஏற்றிக்கொண்டே.